ஓரத்து வளையம்

கம்பெனி கொடுத்த ஷூ என் காலுக்கு அளவாக இருந்தது, ஐயா. முதலில் அதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. இத்தனை வருஷமாக அங்கே பாதுகாப்பு ஷூ என்று நான் போட்டதெல்லாம் வேறு யாரோ கழற்றிப் போட்டவை. ஒன்று பெருவிரலைக் கடிக்கும், இல்லாவிட்டால் குதிகால் தனியாக நடக்கும். பந்தயம் என்றதும் காலை அட்டைமேல் வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, புதிதாக வாங்கிக் கொடுத்தார்கள். மூன்று நாள் ஓடுகிற காலுக்கு இருந்த அக்கறை, வருஷக்கணக்கில் மிஷின் முன்னால் நின்ற காலுக்கு இருந்ததில்லை.

நீங்கள் கேட்பது மூன்றாம் நாள் கல்குவாரியில் நடந்ததை. கயிறு பிடித்த பையன்கள் இரண்டு பேரையும் வெளியே உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர்களைப் போகச் சொல்லலாம். அவர்கள் போட்ட முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை. நடந்தது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். வரிசையாகச் சொன்னால் உங்களுக்கு எழுத வசதியாக இருக்கும்.

என் பெயர் இசக்கிபாண்டி. ஊர் நாங்குநேரிப் பக்கம். வல்லம் வடகாலில் கார் கதவுக்குத் தகடு அடிக்கிற கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். தகட்டுக்கு வடிவம் கொடுக்கிற அச்சை டை என்போம். பிரஸ் மிஷினில் டையை மாற்றி, அளவு பார்த்து, ஓடவிட்டுக் கொடுக்கிறவன் செட்டர். நான் செட்டர். அதே லைனில் பிரஸ் ஓட்டினவன் என் அக்காள் மகன் உச்சிமாகாளி. ஐ.டி.ஐ. படித்தவன். எனக்குப் படிப்பு கிடையாது. ரூமில் இருக்கும்போது என் கையைத் தன் கையால் பிடித்து எழுத்துப் பழக்கியவன் அவன்தான். அந்த வலது கை இப்போது இல்லை.

பிரஸ்ஸில் இரண்டு பச்சைப் பட்டன் உண்டு, ஐயா. இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் டை இறங்கும். கை இரண்டும் பட்டன்மேல் இருந்தால் டைக்குள் போகாது அல்லவா, அதற்காக வைத்தது. ஆனால் அப்படி அடித்தால் போர்டில் எழுதிப்போடுகிற எண்ணிக்கை வராது. அதனால் சைக்கிள் டியூபை வெட்டி ஒரு பட்டனை அழுத்தின மாதிரியே இறுக்கிக் கட்டிவிடுவது உண்டு. பிறகு ஒரு கை பட்டனில், ஒரு கை தகட்டில். வேலை பறக்கும். போன ஆடி மாதம் உச்சிமாகாளி மிஷினிலும் ரப்பர் கட்டப்பட்டிருந்தது. தகடு சாய்ந்தது, அவன் நேராக்கக் கையை விட்டான், இடது கை பழக்கத்தில் அழுத்திவிட்டது. அவ்வளவுதான்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. ஆம்புலன்ஸ் வந்தால் கேட்டில் பதிவாகும். புரொடக்ஷன் மேனேஜருடைய காரில், சீட் கெட்டுப்போகாமல் இருக்கப் பார்சல் சுற்றுகிற பாலிதீனை விரித்து, அதன்மேல் அவனை உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். விசாரிக்க ஆள் வருவதற்குள் ரப்பர் அவிழ்க்கப்பட்டுவிட்டது. தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். காஞ்சிபுரத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். பட்டன் கட்டியிருந்தது என்று கம்பெனியில் பொறுப்பான ஒருவர் சொன்னால் வழக்கு நிற்கும், நஷ்டஈடு முழுசாகக் கிடைக்கும், சொல்லாவிட்டால் காகிதம்தான் மிச்சம் என்றார். நானே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். காண்ட்ராக்ட் ஆள் பேச்சை யார் எடுப்பார்கள்? சொல்ல வேண்டியவர் மேனேஜர்.

மேனேஜர் நம்பிராஜன் வள்ளியூர்க்காரர். எங்கள் இரண்டு பேருக்கும் வேலை போட்டுக் கொடுத்தவர். ஊர்ப்பக்கம் என்பதால் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். விபத்துக்குப் பிறகு, எல்லார் முன்னாலும் ஸார் என்றே கூப்பிடு என்று சொல்லிவிட்டார். அதிலேயே எனக்கு அவர் யாரென்று விளங்கிவிட்டது.

இந்தத் தை மாதம் பந்தயம் வந்தது. நான்கு நான்கு பேராக ஒரு டீம். மூன்று நாள் சைக்கிள் மிதிக்க வேண்டும், ஓட வேண்டும், ஏரியைத் தாண்ட வேண்டும், கடைசியில் குவாரியில் கயிற்றில் இறங்க வேண்டும். நான்கு பேரும் சேர்ந்து வந்தால்தான் கணக்கு. ஒருவர் பின்தங்கினால் மற்றவர்கள் நின்று கூட்டிவர வேண்டும். இதில் சேர்கிற பணம் விபத்தில் கை கால் போன தொழிலாளிகளுக்குச் செயற்கைக் கை கால் வாங்க. சட்டை முதுகில் ‘கை கொடுப்போம்’ என்று அச்சடித்திருந்தார்கள். கையை எடுத்த கம்பெனி, கை வாங்கிக் கொடுப்பதற்காக வேர்க்க வேர்க்க ஓடுகிறது. ஊரே கை தட்டுகிறது. அதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் டீமில் மேனேஜர், ஹெச்.ஆர். ஜயஸ்ரீ மேடம், மெயின்டனன்ஸ் தணிகாசலம், நான். தொழிலாளி ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. மூட்டை தூக்குகிற உடம்பு என்பதற்காக என்னைப் போட்டார்கள். தணிகாசலம் வல்லத்துக்காரர். கம்பெனி நிற்கிற இடத்தில் அவர் குடும்பத்துக்கும் கொஞ்சம் நிலம் இருந்தது. யாரையும் விட்டுவைக்காத வாய்.

கொடி அசைக்க உச்சிமாகாளியைக் கூப்பிட்டிருந்தார்கள். பேனரிலும் அவன் படம்தான். ஜயஸ்ரீ மேடம் போட்டோ எடுக்கும்போது, “தம்பி, சட்டைக் கையைக் கொஞ்சம் மடிச்சு விட்டுக்கோங்க, தெரியட்டும்” என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவன் சட்டைக் கையை மடிக்க இன்னொரு கை வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. நான் போய் மடித்துவிட்டேன். மேனேஜர் அந்தப் பக்கம் திரும்பி ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கட்டியிருந்த கயிறு.

முதல் நாள் வாலாஜாபாத் வரைக்கும் சைக்கிள், பிறகு பாலாற்று மணலில் ஓட்டம். மேனேஜருக்கு மணலில் கால் எடுக்க வரவில்லை. இந்த மாதிரிப் பந்தயத்தில் அதற்கு ஒரு வழி உண்டு. இழுக்கத் தெம்புள்ளவன் இடுப்பிலிருந்து தளர்ந்தவர் இடுப்புக்கு ரப்பர்ப் பட்டை மாட்டிக்கொள்ளலாம். நான் முன்னால் இழுக்க, அவர் பின்னால் வந்தார்.

தணிகாசலம் பக்கத்தில் ஓடிவந்து, “இன்னா இசக்கி, மேனேஜரை இஸ்துகினு ஓடறியா? மாட்டுக்குக்கூட ஒரு நாள் லீவு வுடுவானுங்கபா” என்றார்.

“நீ வந்து இழுத்துப் பாரேன்,” என்றார் மேனேஜர், மூச்சுக்கு நடுவில் சிரித்துக்கொண்டு.

“எனுக்கு இன்னாத்துக்கு சார்? எங்க நெலத்த இஸ்துகினு போனீங்க, அதுவே போதும்.”

மூன்று பேரும் சிரித்தார்கள். நான் சிரித்தேனா என்று நினைவில்லை. அவர்கள் இரண்டு பேரும் முன்னால் போன பிறகு நான் திரும்பாமலே கேட்டேன். அண்ணாச்சி, பட்டன் கட்டியிருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அவன் பிழைத்துக்கொள்வான் என்றேன். ஓடும்போது பேசாதே, நெஞ்சை அடைக்கிறது என்றார். அதற்குப் பிறகு பட்டை இன்னும் கனத்தது. பின்னால் வருகிற ஆள் தன் காலால் ஓடவில்லை, முழுசாக என் இடுப்பில் தொங்குகிறார் என்று தெரிந்தது. இழுத்தேன்.

இரண்டாம் நாள் ஏரி. பிளாஸ்டிக் டிரம்களைக் கயிற்றால் பிணைத்து, அதன்மேல் உட்கார்ந்து துடுப்புப் போட வேண்டும். மேனேஜருக்கு நீச்சல் தெரியாது. மிதக்கிற சட்டை போட்டிருந்தாலும் என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நடு ஏரியில் டிரம் ஒருபக்கம் தூக்கியபோது அவர் சரிந்தார். நான் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டேன். அன்றைக்கே விட்டிருக்கலாம், ஐயா. விடவில்லை. எனக்குக் கொல்லுகிற புத்தி இருந்ததில்லை என்பதற்கு அது ஒன்றே போதும்.

முன்னால் துடுப்புப் போடுகிறவர்களுக்குக் கேட்காமல் அப்போதும் கேட்டேன். இந்த முறை அவர் கோபப்படவில்லை. எனக்கும் குழந்தைகள் இருக்கு, வீட்டுக் கடன் இருக்கு, சொன்னால் என்னைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள் என்றார். அவனை நிறுத்திவிட்டார்களே அண்ணாச்சி என்றேன். என் தோளில் இருந்த பிடியை இறுக்கிக்கொண்டார்.

கரையில் உச்சிமாகாளி நின்றுகொண்டிருந்தான். வருகிறவர்களுக்கு அவன் கையால் தண்ணீர் கொடுக்க வைப்பது மேடத்தின் யோசனை. பேப்பரில் நன்றாக வரும் என்றார்களாம். எங்கள் டிரம் கரை தட்டியதும் அவன் ஒரு பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கி, குனிந்து மூடியைப் பல்லால் கடித்துத் திருகினான். மூடியைத் துப்பிவிட்டு, பாட்டிலைச் சட்டையில் துடைத்து, முதலில் மேனேஜரிடம்தான் நீட்டினான்.

“குடிங்க அண்ணாச்சி. ரொம்பத் தவிச்சு வந்திருக்கீக” என்றான்.

அவர் வாங்கினார். குடிக்கவில்லை. பாட்டிலைப் பிடித்துக்கொண்டே போய் வேனில் உட்கார்ந்துவிட்டார். தணிகாசலம் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, “அந்தாளுக்கு இன்னமோ ஆயிடுச்சுபா, தண்ணியப் பாத்துகினே கீறாரு” என்று காதோடு சொன்னார். எனக்கு அது நடிப்பாகப் பட்டது.

மூன்றாம் நாளுக்கு வருகிறேன்.

சேரப்பணஞ்சேரி தாண்டி, வேலை நின்றுபோன ஒரு குவாரி. மேட்டிலிருந்து கயிற்றில் அடியிலுள்ள பாறைக்கு இறங்கினால், அங்கிருந்து ஓடிப்போய்ப் பந்தயத்தை முடித்துவிடலாம். பயிற்சியின்போது கயிற்றுக்காரர்கள் ஒரு விதி சொன்னார்கள். டீமுக்கு ஒருவர் கொக்கி மாட்டுகிறவர். அவர் மாட்டிவிட்ட பிறகு, இறங்குகிறவர் தானே குனிந்து பார்த்து, இழுத்துப் பார்த்து, சத்தமாகச் சரி என்று சொல்ல வேண்டும். சரி என்ற பிறகுதான் கயிற்றை விடுவார்கள். டையே செட் பண்ணுகிறவன், கொக்கியையும் இவனே மாட்டட்டும் என்று என் பெயரைக் கொடுத்தது மேனேஜர்தான்.

இடுப்பில் கட்டுகிற பெல்ட்டில் நடுவில் ஒரு தடித்த வளையம் இருக்கும். ஆளுடைய பாரத்தைத் தாங்குவது அதுதான். ஓரத்தில் சின்னச் சின்ன வளையங்கள் உண்டு. அவை தண்ணீர் பாட்டில், டார்ச் தொங்கவிட. கையால் இழுத்தால் நிற்கும். ஆள் தொங்கினால் நிற்காது. பயிற்சியில் இதையும் சொல்லித்தான் கொடுத்தார்கள்.

மேட்டுக்கு நாங்கள் வந்தபோது வேறொரு டீம் பின்னாலேயே நெருங்கிவிட்டது. தணிகாசலத்துக்கு மாட்டினேன். அவர் குனிந்து பார்த்தார், இழுத்தார், “சரிபா, நான் போயிட்டன்னா என் சம்சாரத்துக்கு நீதான் சொல்லணும்” என்று சொல்லிவிட்டு இறங்கினார். அடுத்து மேடம். அவர்களும் இரண்டு தரம் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் இறங்கி முடிக்கிற வரைக்கும் மேனேஜரும் நானும் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தோம். அவர் என்னிடம் கொஞ்ச நேரம் பேசினார். என்ன பேசினார் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

அவர் முறை வந்தது. கயிறு பிடித்த பையன்கள் விளிம்பிலிருந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கொக்கியை எடுத்து ஓரத்து வளையத்தில் மாட்டினேன். மேலே சட்டையை இழுத்துவிட்டேன். கை நடுங்கவில்லை. டையை உட்காரவைக்கிறபோது நடுங்கினால் மயிரிழை தப்பிப்போகும், அந்தப் பழக்கம்.

அவர் குனிந்திருந்தால் தெரிந்திருக்கும். சட்டையைத் தூக்கியிருந்தால் தெரிந்திருக்கும். லைனில் தினமும் காலையில் மிஷின் பட்டன் சரியாக இருக்கிறது என்று பார்க்காமலே கையெழுத்துப் போடுகிற ஆள். அன்றைக்கும் பார்க்கவில்லை. கொக்கியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, சத்தமாக, சரி என்றார்.

விளிம்பில் கால் வைத்துப் பின்பக்கமாகச் சாய்ந்தார். பாரம் முழுதும் இறங்கியதும் தையல் விட்டது. துணி கிழிகிற சத்தம்தான், வேறொன்றுமில்லை. பையன்கள் கயிற்றைப் பிடித்தபடியேதான் நின்றார்கள். கயிற்று முனையில் கொக்கி இருந்தது, கொக்கியில் அந்த வளையம் இருந்தது.

கீழேயிருந்து தணிகாசலம் கூப்பிடுவது கேட்டது. நான் இன்னொரு கயிற்றை வாங்கி, என் கொக்கியை நடு வளையத்தில் மாட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினேன். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். உயிர் இல்லை. மேடம் பாறையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை ஆம்புலன்ஸ் வந்தது. சைரனோடு வந்தது.

கம்பெனி எழுதிய பேப்பரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொக்கியைச் சரிபார்க்க வேண்டியது இறங்குகிறவர் பொறுப்பு, கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். அதே வார்த்தை. அதை எழுத்துக்கூட்டிப் படித்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மனசு ஆறியது. அவர்கள் வார்த்தை அவர்கள் ஆளுக்கே கிடைத்தது.

ஒரே ஒருவனுக்குத்தான் மனசு ஆறவில்லை. உச்சிமாகாளி அழுதான். வள்ளியூர் வரைக்கும் போய்ச் சாவு வீட்டுக் கேதத்தில் நின்றுவிட்டு வந்தான். அவனுக்குச் செயற்கைக் கை வந்துவிட்டது. அதை ரூமில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறான். டம்ளர்கூட அதில் நிற்பதில்லை. வக்கீல் வழக்குக் கட்டை எடுத்து அலமாரிமேல் வைத்துவிட்டார், பேசுவதற்கு இனி ஆள் இல்லை என்று. அதைக் கேட்டுவிட்டு வந்து, “விடுங்க மாமா, எனக்கு நீங்க இருக்கீகள்லா” என்றான். அவனுக்காகத்தான் செய்தேன் என்று எழுதுங்கள். அவன் கைக்காக.

மேட்டில் அவர் என்ன பேசினார் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். சரி.

“பல்லால தொறந்து குடுத்தாம்லா இசக்கி, அதுக்கு மேல என்னால முடியல” என்றார். “இன்னிக்குப் பரிசு குடுக்க மேடையில சொல்லிருதேன். வேல போனாப் போட்டும். ரப்பரக் கெட்டுன்னு நான் வாய்தொறந்து சொல்லல, எண்ணிக்கை வரணும்னுதான் சொன்னேன். ஆனா கெட்டியிருந்ததப் பாத்துட்டுப் பேசாமப் போனேன். அதையும் சொல்லிருதேன். நீயும் வந்து பக்கத்துல நில்லு. கெட்டுனது நான்தான்னு நீயும் சொல்லிரு. ரெண்டு பேரும் சொன்னாத்தாம்ல அவன் கேசு நிக்கும்.”

என் பேரு எதுக்கு அண்ணாச்சி என்று கேட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அவன்ட்ட இன்னும் நீ சொல்லலியா?”

லைன் எண்ணிக்கை வந்தால் செட்டரை நிரந்தரம் ஆக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள், ஐயா. நாற்பதை எட்டுகிறவனுக்கு இன்னொரு தடவை அந்தப் பேச்சு வராது. அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

“சரி, நீ கலங்காத. நானே பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்” என்றார். எழுந்து, பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு, மாட்டச் சொல்லி என் முன்னால் வந்து நின்றார்.

அதுவரைக்கும் எனக்கு அப்படி ஒரு நினைப்பே இல்லை. அதை நம்பலாம்.

உச்சிமாகாளி இப்போது உங்கள் கேட்டுக்கு வெளியே நிற்கிறான். எனக்கு இட்லிப் பொட்டலம் வாங்கி வந்திருக்கிறான். மாமா ஒரு தப்பும் செய்திருக்க மாட்டார் என்று உங்கள் ஏட்டையாவிடம் சொல்லிக்கொண்டிருப்பது இங்கே கேட்கிறது. நீங்கள் எழுதி முடித்ததும் அவனைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுவீர்கள். காட்டுங்கள். கொலை என்றே எழுதுங்கள், கொக்கியைத் தெரிந்தேதான் மாட்டினேன் என்று எழுதுங்கள், எதற்கும் கையெழுத்துப் போடுகிறேன். பட்டனில் ரப்பரைக் கட்டியது நான் என்பதை மட்டும் விட்டுவிடுங்கள், ஐயா. அதற்கும் இந்தக் கேசுக்கும் சம்பந்தம் இல்லை.